அம்மாவின் முதுகில் தளர்ந்த திருகாணிகள்

கட்டிலில் திரும்பும்போது அம்மாவின் முதுகுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து நான்காவது மாதம் அது.

"உள்ளுக்குள்ள ஆரோ கதவத் தொறக்கிறான் மனே" என்று சிரித்தார். அடுத்த கிழமை இடது கால் விறைத்தது.

சத்திரசிகிச்சைக்கு முன்னால், எங்கள் ஊர் கிரானில் ஷெல் அடிக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் ஒரே பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், குதித்தோம். முதுகு உடைந்தது அம்மாவுக்கு மட்டும். முள்ளந்தண்டு எலும்புகளுக்குள் ஆறு திருகாணிகளை இறக்கி, கம்பிகளால் இணைத்திருந்தார்கள்.

மட்டக்களப்பில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்த் திருகாணிகள் இரண்டைச் சுற்றியும் கறுப்பு வளையம்.

"ஆணியில பிழையில்ல தம்பி. எலும்பு பிடிக்கல்ல. சீனி வருத்தம், சுருட்டு, பாரம் தூக்கினது ஏதும்?"

இல்லை என்றேன்.

"மருந்துக் குளிசை ஏதும்?"

"இல்ல டொக்டர்."

"உங்களக் கேக்கல்ல. அம்மா, நீங்க சொல்லுங்க."

"மூட்டு நோவுக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. ஆறு வருசமா ஓட்டமாவடிக் கடையில வாங்கிறது. அது இல்லாட்டி வயல் வட்டைக்குள்ள இறங்கி நாத்து நடேலாது."

அது ஸ்டீரொயிட் (வீக்கத்தை அடக்கும் மருந்து, நெடுநாள் எடுத்தால் எலும்பை உள்ளே பஞ்சாக்கும்).

கொழும்பிலும் இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார்கள். எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். கேள்வி விளங்கிய பெருமையில், அம்மாவின் பக்கம் திரும்பாமலே 'நோ' என்று சொல்லிவிட்டேன். தெரிந்திருந்தால் எலும்பைத் தேற்ற மருந்து கொடுத்திருப்பார்கள், திருகாணியையும் வேறு விதமாக இறக்கியிருப்பார்கள் என்றார் டொக்டர்.

வெளியே வந்து கேட்டேன். "ஏன் அம்மா சொல்லல்ல?"

"என்னட்ட ஆரு கேட்டது?"

நோயாளியோடு துணைக்குப் போகிறவர்களே, கடையில் வாங்கிய குளிசை, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை எல்லாவற்றையும் நோயாளியின் வாயாலேயே சொல்லவிடுங்கள். அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாதாம். டொக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

திருகாணிகளை மாற்ற மறுபடி கொழும்புக்குப் போகவேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது. எப்போது திறக்கும் என்று கேட்டால் சென்றியில் நிற்கும் ஆமிக்காரர்கள் தோளைக் குலுக்குகிறார்கள். இடது காலைக் கிள்ளினாலும் அம்மாவுக்கு இப்போது தெரிவதில்லை. நேற்றிலிருந்து வலது காலிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம்.

எங்களுக்குக் கிழமைகள் இல்லாமல் போய்விட்டன. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, உடம்பு முறுகாமல், அம்மாவை ஒரே வீச்சில் புரட்டுவதுதான் எங்கள் நேரக்கணக்கு. என் உள்ளங்கை அவர் முதுகில் இருக்கும். உள்ளே இரும்பு அசைவது எனக்கும் தெரிகிறது.

"நோகுதா அம்மா?"

முகத்திலேயே பதில் இருக்கிறது. ஆனாலும் அவர் வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கிறேன்.