ஆமணக்கெண்ணெய் குடித்த விமானம்

போன கோடை முழுக்க வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டில் ஒரே வழக்கு: என் சனிக்கிழமைகள். நகரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில், முதலாம் உலகப் போர்க் காலத்துப் போர்விமானம் ஒன்றைப் நானும் இன்னும் சில ஆர்வலர்களும் பழைய வரைபடங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அதைவிட்டால் உலகமே இல்லை. அம்மாவுக்கு அது வீண்வேலை.

“எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைக்குப் பழைய தகரத்தோடை என்ன வேலை?”

“தகரம் இல்லையம்மா, துணி. இறக்கை முழுக்கத் துணி.”

“அது இன்னும் மோசம்.”

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. எஞ்சினை முதன்முறை இயக்கும் நாளில் அம்மா வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் நான் நிறுத்திவிட வேண்டும்.

வந்தார். நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். முன்னால் விமானி, பின்னால் எதிரியைச் சுடத் துவக்கோடு இன்னொருவர். மேலே கூரை இல்லை, பரசூட் இல்லை. இரைச்சலில் குரல் கேட்காது, தோளில் தட்டித்தான் பேச்சு. அம்மா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் இன்னும் வேகமாகப் பேசினேன். தோற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போது எஞ்சின் பிடித்தது. சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுழல, நீலப்புகை எங்கள்மேல் அடித்தது. அம்மா மூக்கைப் பொத்தினார். எஞ்சினை நிறுத்தினார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“பிள்ளை, உது ஆமணக்கெண்ணெயெல்லோ!”

“ஓம். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அதுதான் ஓயில்.”

“சின்னனிலை பள்ளிக்கூட லீவு விட்டால் எங்களுக்கு மூக்கைப் பிடிச்சுப் பருக்கினது உதைத்தான். பிறகு நாள் முழுக்கக் கக்கூசுக்கு ஓட்டம்.” எண்ணெய் தெறித்த கண்ணாடியோடு விமானத்தை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உந்தப் புகையைக் குடிச்சுக்கொண்டு மேலை போன பெடியளுக்கு?”

“வயித்தாலை போனது எண்டுதான் சொல்லுகினம்.”

“ஐயோ! இறங்கவும் ஏலாதே!”

அம்மா சிரித்த சிரிப்பில், விசிறியைச் சுழற்றிவிட்ட வெள்ளைக்கார மெக்கானிக் ஓடிவந்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அம்மா கேள்விமேல் கேள்வி. எத்தனை மணித்தியாலம் பறப்பார்கள்? பின்னால் இருக்கிறவருக்கும் புகை போகுமா? குளிருக்கு என்ன போட்டார்கள்? நான் இரண்டு வருடமாக இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தவள். அம்மா ஐந்து நிமிடத்தில் அதற்குள் உட்கார்ந்து பறந்தவர்களிடம் போய்விட்டார்.

காரில் திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அம்மா அஜக்ஸில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து முழுக் கதையையும் சொன்னார், வயிற்றுப் பகுதியை மட்டும் இரண்டு தரம். சின்னம்மா வாற சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்க வேண்டும்.

“சனியோ? ஏலாதடி,” என்றார் அம்மா. “எங்களுக்குப் பிளேன் இருக்கு.”