சந்துப் பக்கத்துக் கதவு

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில், நாம் காட்ட ஆசைப்படுவது ஒன்று, வந்தவர்கள் பார்க்க ஆசைப்படுவது வேறொன்று. மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் வகுப்பில் நின்ற வாத்தியார்களுக்கும், நல்ல சேலையாக எடுத்துப் போடப் போட வாசலைப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் நின்ற கடைக்காரர்களுக்கும் என் அவஸ்தை புரியும்.

புதுச்சேரியில் மற்ற வழிகாட்டிகள் கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் காட்டினார்கள். நான் அவற்றோடு, பெண்கள் உரிமை கேட்டு நின்ற சில இடங்களையும் சேர்த்துக்கொண்டேன். அவற்றில் முக்கியமானது தமிழர் பகுதியில் இருந்த ஒரு பழைய வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு விதவை டீச்சர் அதன் பின்கட்டில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். முன்வாசலில் நுழைந்தால் தெரு பேசும். அதனால் துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துவைக்கப் போகிறவர்கள் மாதிரி, சந்துப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் போவார்கள். மில் பெண்கள் பிரசவ விடுப்புக் கேட்டு மனு எழுதியதும் அங்கேதான். மறைந்த என் மனைவியும் சிறுமியாக அந்தக் கதவு வழியே போய்ப் படித்தவள். இப்போது வீட்டின் வாரிசு பிரான்சில் இருந்தார். விற்கப் போவதாகப் பேச்சு. நாலு பேர் வந்து பார்த்தால் அரசாங்கம் எடுத்துக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

மில் வாசலில்

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பழைய மில் வாசலில் நிறுத்தி, கைக்குழந்தையை மதிலோரம் தூளியில் போட்டுவிட்டு உள்ளே வேலை பார்த்த பெண்களைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தோடு வந்த அம்மாள் கண்ணெடுக்காமல் கேட்டார். "பால் குடுக்க வெளிய விடுவாங்களா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் கேள்வி கேட்டதில் உற்சாகமாகி, அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

கணவர் நடுவில் வந்து நின்றார். "அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க, என்கிட்ட சொல்லுங்க."

காகிதப்பூ

ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகள் வந்தார்கள். டீச்சர் வீட்டு முன்வாசலில் காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அதன் கீழே ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த வாசலை அந்தப் பெண்கள் மிதித்ததே இல்லை, அவர்கள் வந்த கதவு பின்னால் சந்தில் இருக்கிறது, பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். அந்தக் கதவின் தாழ்ப்பாளில் என் மனைவியின் கையும் பட்டிருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

கூட வந்த பேராசிரியை சந்து முனைவரை வந்தார். சாக்கடையைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "இங்கேர்ந்தே சொல்லிடுங்க சார், பொண்ணுங்க குறிப்பு எடுத்துக்குவாங்க."

மகளிர் தினம்

சுனாமிக்கு அடுத்த வருஷம் மகளிர் தினத்தை அந்த வீட்டிலேயே கொண்டாடினார்கள். என் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. டீச்சரிடம் படித்தவர்களில் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தவர் முத்தியால்பேட்டை ரோசாலி அம்மா ஒருவர்தான். மில்லில் வேலை பார்த்தவர். அவரைக் கௌரவிப்பதாக ஏற்பாடு. மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேசி, வீட்டைக் காப்போம் என்று உறுதி சொன்னார்கள். ரோசாலி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆளில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு, சால்வையை விழாத் தலைவருக்கே போர்த்தினார்கள்.

எனக்கு என்னவோ தோன்றிச் சந்துக்கு ஓடினேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, உள்ளே தாழ் போட்டிருந்த கதவில் கை வைத்தபடி வெயிலில் நின்றிருந்தார். ஆரம்பத்திலிருந்தே தட்டிக்கொண்டிருந்தாராம். மைக் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முன்வாசலில் பந்தலே போட்டிருந்தார்களே, அந்தப் பக்கம் வந்திருக்கலாமே என்றேன்.

"நாங்க எப்பவும் இப்டித்தானே வருவோம், தம்பி."

காப்பாற்றிய வீடு

வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் ஹோட்டல் கட்டினார்கள். பழைய வீடு என்பதால் தெருப்பக்கம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று நிபந்தனையாம். முன்வாசலுக்கு மெருகேற்றி மஞ்சள் பூசினார்கள். பின்கட்டை இடித்துச் சமையலறை எழுப்பினார்கள். சந்துப் பக்கம் மொட்டைச் சுவர்.

கதவையாவது கொடுங்கள், வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று போய் நின்றேன். அது பழைய மரச் சாமான்களோடு லாரியில் போய்விட்டிருந்தது. இன்ஜினியர் தம்பி நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டார். "கவலையே படாதீங்க பெரியவரே, ரோட்லேர்ந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

எங்கள் ஊரில் பெண்களின் வரலாற்றை இடித்தார்கள் என்று நாளைக்கு யாரும் பேசிவிட முடியாது, எல்லாம் பின்பக்கமாக, மிகவும் மரியாதையாகத்தான் நடந்தது.