ஊசி போட்ட இடம்

என் மூத்த மகளின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே எழும்பிய அந்தச் சிவப்புக் கொப்புளம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிறந்ததும் ஆஸ்பத்திரியில் காசநோய்க்கான தடுப்பூசி போட்ட இடம் அது. வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாட்களில் சின்னதாகத் தடித்தது. பிறகு நுனி மஞ்சளாகி, ஒரு காலையில் உடைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிள்ளையோடு நானும் மாமனாரும்தான். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மகன் தன்னைக் கேட்காமல் என்னைக் கூட்டிவந்த கோபம் மாமனாருக்கு ஆறவே இல்லை. என்னிடம் நேராகப் பேச மாட்டார். "சோறு இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். "இருக்குங்க" என்று நானும் பானையைப் பார்த்துச் சொல்வேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "ஊசி சீழ் புடிச்சிருச்சு. அமுக்கி எடுத்துட்டு மஞ்சள அரச்சுப் போடுவோம்" என்று பிள்ளையின் கையைப் பிடித்தார். றப்பர் பால் வெட்டப் புறப்பட்ட மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கை வைக்க வேணாம்மா. கிளினிக் மிஸ்ஸுகிட்ட காட்டுவோம்" என்றார் அக்காவிடம்.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தூறலில் நனைந்த இறக்கத்தில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

கிளினிக்கில் இருந்த மிட்வைஃப் மிஸ் புதிதாக வந்தவர், சிங்களவர். என்னைக் காட்டி, இது யார் என்று மாமனாரிடம் சிங்களத்தில் கேட்டார். மருமகள் என்பதற்குச் சிங்களத்தில் சொல் உண்டு, அது அவருக்குத் தெரியாததும் அல்ல. "மகே துவ" என்றார். என் மகள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிஸ் புண்ணை நன்றாகப் பார்த்தார். "பயம் வேணாம். ஊசி வேலை செய்யுது, அதான்" என்றார் தட்டுத்தடுமாறிய தமிழில். அமுக்கக் கூடாது, எதையும் பூசக் கூடாது, சுத்தமான தண்ணீரில் கழுவி உலரவிட்டால் போதும், மெதுவாகத் தானே ஆறித் தழும்பாகும் என்றார். அக்குளில் கட்டி வந்தாலோ, புண் பெரிதானாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் வழியில், வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் மாமனார் நின்று என்னைப் பார்த்தார். "பாத்து கால வைம்மா, வழுக்கும்."

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் றப்பர் பால் வாடை போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையின் கையைத் தொடாமல் குனிந்து பார்ப்பார். புண் காய்ந்து, பருப்பளவுத் தழும்பாக நின்றது.

மூத்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் கைக்குழந்தையான இளையவனின் கையிலும் அதே சிவப்பு. எனக்குப் பயமில்லை. மாமனார்தான் விடியும்போதே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"மக, எதுக்கும் ஒருக்கா மிஸ்ஸுகிட்ட காட்டிட்டு வந்துருவோமா?"

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பிள்ளையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நானும் கிளம்பினேன்.