கம்பியில் ஓர் ஒட்டுக் கடிதம்

மயிலாப்பூர்க் கடற்கரையில் எங்கள் குப்பத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண் நான்தான். அந்த மிதப்பில், வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் நானே அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறித் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நேட்டாலுக்குப் போனவர். அங்கேயும் வலைதான் இழுத்தார். அவர் போட்ட கடிதங்களை அவருடைய தங்கையான என் அத்தை ஒரு கம்பியில் குத்திக் கூரையில் தொங்கவிட்டிருந்தாள். அத்தைக்கு ஓரெழுத்தும் தெரியாது. சைதாப்பேட்டையில் மீன் விற்றுத் திரும்பியதும் கை கழுவிக்கொண்டு, ஏதாவது ஒன்றை உருவி என்னைப் படிக்கச் சொல்வாள்.

ஒருநாள் அத்தை வெளியே போயிருந்தபோது புதுக் கடிதம் வந்தது. பெரியப்பாவின் மகள் எழுதியிருந்தாள். அப்பா காலமாகிவிட்டார் என்ற முதல் வரியைப் படித்ததுமே, என் அப்பா அதைப் பிடுங்கிக் கிழித்து வாசலுக்கு வெளியே எறிந்தார். சாவுச் சேதி வந்த காகிதம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. தொட்டவர்கள் தலைமுழுக வேண்டும்.

“ஒண்ணியும் உள்ள எட்த்தாராத. போய்த் தலைக்கு ஊத்திக்கோ” என்று அப்பா அழுதுகொண்டே சொன்னார்.

பெரியப்பாவை நான் பார்த்ததே இல்லை; எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் புது விலாசம் இருந்ததைப் பார்த்துவிட்டேன். அது போனால் நேட்டாலில் எங்களுக்கு இருக்கிற சொந்தமும் போய்விடும். எல்லோரும் குளிக்கப் போன சமயம் பார்த்து மணலில் துண்டுகளைப் பொறுக்கினேன். சோற்றுப் பருக்கையால் நோட்டுத் தாளில் ஒட்டி, கம்பியில் மற்ற கடிதங்களுக்கு நடுவே சேர்த்துவிட்டேன்.

பதினாறாம் நாள் முடியும்வரை அத்தை வியாபாரத்துக்குப் போகவில்லை. அதற்குள் ஒரு மத்தியானம் கம்பியை இறக்கிக் கடிதங்களைத் தடவிக்கொண்டிருந்தவள், என் ஒட்டுக் காகிதத்தில் வந்து நின்றாள்.

“இன்னாமே இது?”

“பழசு அத்தே. எலி கட்ச்சிடுச்சு. நான்தான் ஒட்டி வெச்சேன்.”

“இதுல விலாசம் கீதா?”

“கீது.”

“அப்ப பத்திரமா வை. அண்ணன் பொண்ணுக்கு ஒரு பதில் போடணும்.”

மறுநாளே போட்டோம். அந்தப் பெண்ணின் பேத்தி இன்றும் எனக்கு எழுதுகிறாள். கம்பி என் வீட்டில்தான் தொங்குகிறது.

படிக்கத் தெரியாத அத்தையை அழகாக ஏமாற்றிவிட்டேன் என்று பல வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த மத்தியானம் காகிதத்தை என்னிடம் கொடுத்தவள் நேராகக் குடிசைக்குப் பின்னால் போய் இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மீன் வாடை போகக் குளிக்கிறாள் என்று நினைத்தேன். அன்று அவள் மீன் கூடையைத் தொடவே இல்லை.