தன்னாலேயே திறக்க முடியாத பூட்டு

எங்க வீட்டுக்காரர் வாயில ரெண்டே விஷயம்தான் வரும். ஒண்ணு பூட்டு, இன்னொண்ணு கடவுள். கடைத்தெருவுல அவர் பேரைக் கேட்டா யாருக்கும் தெரியாது, சாவிக்காரர்னாதான் தெரியும். சாவியைத் தொலைச்சிட்டு முழிக்கிறவங்ககிட்டகூட, "சார், எல்லாம் தெரிஞ்ச ஆண்டவனுக்கு உங்க சாவி கிடக்கிற இடம் தெரியும்ல? பின்ன ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?"னு ஆரம்பிச்சிடுவார். அந்த மனுஷன் ஆபீசுக்கு லேட்டாகி நெளிஞ்சுக்கிட்டு நிப்பான்.

எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துறது என் தம்பி. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். ஞாயித்துக்கிழமை ஆனா வந்து உட்கார்ந்துடுவான். பதினோரு வருஷமா அவன்கிட்ட ரெண்டு கேள்விதான்.

"மாமா, உங்க கடவுள் எல்லாம் வல்லவர்தானே? அவராலேயே திறக்க முடியாத பூட்டை அவரால செய்ய முடியுமா? முடியும்னா, திறக்க முடியல. முடியாதுன்னா, செய்ய முடியல. எப்படிப் பார்த்தாலும் ஆள் காலி!" இது முதல் கேள்வி. ரெண்டாவது இன்னும் மோசம். "குறையே இல்லாதவருக்கு வருத்தம் எங்கேருந்து வரும்? நமக்காக வருத்தமே படாதவர்கிட்ட நாம அழுது என்ன பிரயோஜனம்?"

இவருக்குக் காது சிவந்துடும். ஒரு நாள் தொடையில ஓங்கித் தட்டினார். "பேசிட்டே இருந்தா எப்படிடா? அந்தப் பூட்டை நானே செஞ்சு பார்த்துடறேன்!"

நாலு மாசம்! சோறு தண்ணி மறந்து இரும்பை ராவிக்கிட்டே இருந்தார். எங்க கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் ஒண்ணு உண்டு. அதோட இரும்புக் கதவுல மாட்டினார். சாத்தினா தானா பூட்டிக்கும், உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டாதான் திறக்கும். எந்தப் பூட்டுக்கும் ரெண்டு சாவி செய்யற மனுஷன், இதுக்கு மட்டும் ரெண்டாவது சாவியை என் தம்பி கண்ணு முன்னாலேயே அரத்தால ராவித் தூளாக்கிட்டார். இன்னொரு சாவி இருந்தா அது ஏமாத்து வேலையாம். அப்புறம் ஒரு வாரம் சாவி இல்லாம கம்பியை விட்டு நோண்டினார். "முடியலடி! என்னாலேயே திறக்க முடியலடி!"னு குதிச்சார் பாருங்க, தோத்ததுக்கு இப்படி ஆடின ஆளை நான் பார்த்ததே இல்ல.

அடுத்த ஞாயிறு தம்பிக்குக் காட்டணும். காலையில எங்க நாலு வயசுப் பொண்ணு பொடிப்பொடி ஸ்பிரிங்கையெல்லாம் தரையில கொட்டிட்டா. இவர் கத்தின கத்துல தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஆணியில தொங்கின அந்த ஒத்தைச் சாவியையும் எடுத்துக்கிட்டு, திறந்து கிடந்த ஸ்டோர் ரூமுக்குள்ள போய் கதவை அறைஞ்சு சாத்திடுச்சு. சாவியும் உள்ள, பொண்ணும் உள்ள.

அப்பதான் தம்பியும் வந்து சேர்ந்தான். மொதல்ல எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் உள்ளேருந்து குரல் வந்துச்சு. "அம்மா, தாகமா இருக்கு. இங்க பாட்டில்ல தண்ணி இருக்கு."

எனக்கு உயிரே போயிடுச்சு. துரு எடுக்கிற ஆசிட்! தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்கன்னு நூறு தடவை தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன். "குடிக்காதே! அது தண்ணி இல்ல!"னு அலறினேன்.

இவர் ட்ரில் மெஷினைத் தூக்கிட்டு ஓடி வந்தார். "துளைங்க மாமா, ரெண்டே நிமிஷம்!"னு தம்பி கத்துறான். இவர் கதவுல காதை வெச்சார். "கண்ணு, எங்க நிக்கிறே?"

"கதவுல சாஞ்சிருக்கேன். இங்க மட்டும்தான் இடுக்குல வெளிச்சம் வருது."

"கொஞ்சம் தள்ளிப் போம்மா."

"மாட்டேன். அங்க இருட்டு."

மெஷினைக் கீழே வெச்சுட்டார். "என்ன மாமா, முடியாதா?"ன்னான் தம்பி.

"முடியும்டா. அவ அங்க நிக்கிறப்ப முடியாது."

மண்டி போட்டு உட்கார்ந்தார். "சாவி உன் கையிலதானே இருக்கு? நீயே திறம்மா."

"திறக்க மாட்டேன். நீ திட்டினே."

"தப்புதான் கண்ணு. ஸ்பிரிங் போனா போகட்டும். அப்பா இனிமே கத்த மாட்டேன்."

 பாட்டில் மூடியைத் திருகுற சத்தம்தான் கேட்டுச்சு. நான் கதவை ரெண்டு கையாலயும் அறைஞ்சேன். இவர் நெத்தியைக் கதவுல முட்டுக் கொடுத்து விம்ம ஆரம்பிச்சிட்டார், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் கேட்காத சத்தம்.

திருகுற சத்தம் நின்னுச்சு. "அப்பா? நீயா அழுறே?"

"ஆமாம்மா."

பாட்டிலைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் சாவி பூட்டுல உரசுச்சு. "எந்தப் பக்கம் திருப்பணும்?"

"நீ கிறுக்குற கை பக்கமா. பாதியில நிறுத்து. கொஞ்சம் வெளிய இழு. இப்ப மறுபடி திருப்பு." நாலு மாசம் மூளையைக் கசக்கி ஒளிச்சு வெச்ச சூட்சுமத்தையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சார். மூணு தடவை தப்பாச்சு. நாலாவது தடவை, டக்!

நான் பாய்ஞ்சு போய் பாட்டிலை எடுத்தேன். மூடி பாதி கழண்டிருந்துச்சு. இவர் பொண்ணை அள்ளி நெஞ்சோட இறுக்கிக்கிட்டார், அழுகை நிக்கவே இல்ல. அது சின்ன விரலால அவர் கன்னத்தைத் துடைச்சுக்கிட்டே, நிஜமாவே புரியாம கேட்டுச்சு: "உள்ள மாட்டிக்கிட்டது நான்தானே? நீ எதுக்குப்பா அழுறே?"

தம்பி அந்தக் கதவோரமாத்தான் நின்னு அதைக் கேட்டுக்கிட்டிருந்தான். 

இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம வர்றான், டீயை உறிஞ்சுக்கிட்டே மாமனை வம்புக்கு இழுக்கிறான். ஆனா முதல் கேள்வியை, அந்தப் பூட்டுக் கேள்வியை மட்டும்தான் கேட்கிறான்; கடவுளோட வருத்தத்தைப் பத்தி வாயே திறக்கிறதில்ல.