ஊதாக் கோடு

என் கல்யாண வீடியோவில் மேலிருந்து கீழாக ஓர் ஊதாக் கோடு இறங்குகிறது. நான் மணப்பெண்ணாகத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. கோடு அந்த நாற்காலியின் நடுவே விழுகிறது. நேற்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பந்தல்மேல் விழுந்த மழையின் ஓசையும் பன்னீர் வாசனையும் அரைத் தூக்கத்தில் வருவதுபோல் திரும்பி வந்தன.

அந்த நாற்காலி வாப்பாவுக்காகப் போட்டது. அவர் அப்போது துபாயில் இருந்தார். கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. தன் அண்ணனுக்குப் போனில் சம்மதம் சொல்லி நிக்காஹை நடத்தச் சொல்லிவிட்டார். முத்துப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் என்று உம்மா தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஆனாலும் அந்த நாற்காலியில் ஒருவரையும் உட்கார விடவில்லை. வாப்பா கேட்டது ஒன்றுதான். "புள்ளைக்குக் கருகமணி கட்டுறப்ப அது மொகத்தை நான் பாக்கணும்."

அதை வீடியோ எடுக்கும் பொறுப்பு உம்மாவின் தம்பியான மாமாவுடையது. ஸ்டூடியோ வைத்திருந்தவர்; பீற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. என் கல்யாணத்துக்கென்றே சிமாஸ் என்ற புதுவகைச் சென்சார் உள்ள கேமரா வாங்கியிருந்தார். சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் உள்ள கேமராவைக் கிழடு என்று கேலி செய்து, எதற்கும் இருக்கட்டும் என மூலையில் ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டார்.

மாமியார் எங்கள் தாலியான கருகமணியைக் கட்டக் கை தூக்கியதுதான் தாமதம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த சொந்தங்கள் கையில் ஆளுக்கொரு கேமரா. எல்லா ஃப்ளாஷும் ஒன்றாக வெட்டின. மறுநாள் பார்த்தால் புதுக் கேமராவில் என் நெற்றி வெளுத்து, வாய் இருண்டு, முகம் பட்டை பட்டையாக இருந்தது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சிமாஸ் படத்தை வரிவரியாக வாசிக்குமாம். கண் சிமிட்டும் நேரமே இருக்கும் ஃப்ளாஷ் பாதி வரிகளில்தான் விழுமாம். சிசிடி முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். அதனால் கிழட்டுக் கேமராவில் என் முகம் கண்ணீரோடு முழுசாக இருந்தது. ஆனால் பளீரென்ற விளக்கு எதிரே இருந்தால் அதில் வெளிச்சம் பொங்கி, நெட்டுக்குக் கோடாக வழிந்துவிடும். நாற்காலிக்கு மேலே ஃபோகஸ் லைட்டைக் கட்டிய மகராசனும் மாமாதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

வேறு வழியில்லாமல் அதையே வாப்பாவுக்கு அனுப்பினார்கள். பார்த்துவிட்டு வாப்பா போன் செய்தபோது, நாற்காலியும் கோடும் வராமல் வெட்டி வேறு அனுப்புகிறேன் என்று மாமா குழைந்தார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வெட்டாதீங்க மச்சான். புள்ளை பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. அது நானா இருந்துட்டுப் போறேன்."

மாமா போனை வைத்துவிட்டு அழுதார். நான் உள்ளே போய் அவருக்கு டீ போட்டு எடுத்து வந்தேன்.

வாப்பா இப்போது இல்லை. நேற்று என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய சிசிடி கேமராக்களைத்தான் அவள் வயசுப் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்களாம். நிறமெல்லாம் கனவு மாதிரி இருக்கிறதாம். அந்தக் கோட்டை மட்டும் போனிலேயே துடைத்துவிடலாம் என்றாள். பிறகு ஏதோ யோசித்தவள்போல், "ஆமா, இதுல உங்க வாப்பா எங்கே உம்மா?" என்று கேட்டாள்.

நான் வீடியோவை நிறுத்தி, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தேன்.