குப்பைமேனிக்கு வந்த பெரிய வட்டம்

முதுகலையில் என் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது குப்பைமேனி. புண்ணில் சீழ் வைக்கிற கிருமியை அந்த இலைச்சாறு கொல்லுமா என்று பார்க்க வேண்டும். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருகின்றன என்று வகுப்பில் மேடம் சொன்ன நாளிலிருந்தே, எங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் யாரும் கண்டுகொள்ளாமல் முளைத்துக் கிடக்கும் அந்தச் செடி என் மண்டைக்குள் முளைத்துவிட்டது. பூனை மட்டும்தான் அதன் வேரைத் தேடி வந்து புரளும். உலகத்துக்கு ஒரு புது மருந்து கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து போகப்போகிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

சோதனை அப்படி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அகர் என்ற கடற்பாசிக் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால் ஜெல்லி மாதிரி இறுகும். அதன்மேல் கிருமியைப் பஞ்சால் பூசி, சின்னக் குழி ஒன்று வெட்டி, சாற்றை அதில் விட்டு, கதகதப்பான பெட்டியில் ஒரு நாள் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிந்து கிடக்கும். வட்டம் பெரிதானால் மருந்துக்கு வீரியம் ஜாஸ்தி.

இலையைப் பறித்து நிழலில் காயவைத்தேன். அதை அரைத்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று கீழ்பென்னாத்தூர் மில்லில் அவசர அவசரமாக அரைத்துக்கொண்டு, வேங்கிக்காலில் நான் தங்கியிருந்த அறைக்கு ஓடிவந்தேன். மறுநாள் காலேஜ் லேபில் பொடியை ஆல்கஹாலில் ஊறப்போட டப்பாவைத் திறந்ததும், பக்கத்து மேஜைத் தோழி மூக்கை விடைத்து முகர்ந்தாள்.

"இன்னாடா, உங்க ஊரு குப்பைமேனி பிரியாணி வாசனை வருது?"

"காய்ஞ்சா அப்படித்தான் வரும்" என்றேன். காய்ந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே வட்டம் வந்தது. பக்கத்துக் குழியில் வைத்திருந்த ஆஸ்பத்திரி மருந்தின் வட்டத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. வெறும் ஆல்கஹால் விட்ட குழியைச் சுற்றி ஒன்றுமே இல்லை. தோழி என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "பாட்டில்ல ஊத்துடா. செங்கம் ரோட்ல ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரனுங்க க்யூல நின்னு வாங்குவாங்க."

மேடம் தட்டை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நல்லாருக்கு. மூணு தடவ வந்தா நம்புறேன்" என்றார்.

நான் மூன்று தடவைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. மாடிப்படியில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டேன். அப்போது என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், காலில் புண். வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. ஏற்கெனவே சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் அந்த இடம் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்தார்கள். விட்டால் கால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நைனா, நம்ம குப்பைமேனி வட்டம் மாத்திர வட்டத்துக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு!"

"ஒரு தபா வந்தா போதுமாடா?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத மனிதர், மேடம் கேட்டதையேதான் கேட்டார்.

அடுத்த வாரம் அதே பொடியில் மறுபடி செய்தேன். அதே வட்டம். மறுபடியும் போன்.

"ரெண்டாவது தபாவும் வந்துடுச்சு நைனா!"

"அப்பிடிப் போடு" என்றார். தெருவில் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது போனிலேயே கேட்டது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பத்திரமோ ரேஷன் கடை நோட்டீஸோ, நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

மேடத்திடம் இரண்டாவது தட்டைக் காட்டினேன். "அதே பொடி அதே பதிலத்தான் சொல்லும். புது இலை பறிச்சி, புதுசா பொடி பண்ணிக்கினு வா" என்றார்.

அம்மா ஏற்கெனவே இன்னொரு கூடை இலையைக் காயவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்கே வந்துவிட்டாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது, முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி அரிசியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மிளகாயோ மசாலாவோ அரைத்த மிஷினில் அடுத்து அரைக்க வருகிறவர்கள் முதலில் ஒரு பிடி அரிசியை ஓடவிடுவார்கள். முன்னால் அரைத்தவரின் மிச்சம் மீதியை அது வழித்துக்கொண்டு வந்துவிடும். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து நானே எத்தனையோ முறை அரிசி கொண்டுபோயிருக்கிறேன்.

மில் அக்கா அரிசியைப் பார்த்துச் சிரித்தார். "நீ கொண்டாந்துட்ட. உம்புள்ள போன தபா வெறுங்கையோட வந்துச்சு. முன்னாடிதான் ஒரு கல்யாண வீட்டு மசாலா அரைச்சிருக்கு, பட்ட கிராம்பு எல்லாம் கெடக்குது, ஒரு பிடி அரிசி வாங்கியாடான்னேன். பஸ்ஸு போயிடும், அப்பிடியே போடுக்கான்னுச்சு."

நான் அரைத்ததே அரைக்கிலோ இருந்தால் ஜாஸ்தி; அந்தக் கொஞ்சத்தில் மிஷின் மிச்சம் நிறையவே கலந்திருக்கும். கிராம்பும் பட்டையும் கிருமியைத் தடுக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். பிரியாணி வாசனை என்று தோழி சொன்னபோதே விழித்திருக்க வேண்டும். பெரிய வட்டம் போட்டது ஏதோ ஒரு கல்யாண வீட்டு மசாலா.

"அம்மா, அந்த ரிசல்ட்டு தப்பும்மா. மசாலா கலந்திருக்கு."

அம்மாவின் முகம் மாறியது. "அய்யய்யோ. உங்க நைனா நாலு நாளா மாத்திரய தொடலடா. ஆஸ்பத்திரிக்கும் போவல. எம்புள்ள ரெண்டு தபா பாத்துட்டான்னு குப்பைமேனிய அரைச்சு வெச்சி கட்டிக்கினு உக்காந்துகீறாரு."

இலையை மில்லிலேயே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினோம். நைனா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் பச்சையாக ஒரு கட்டு. அதற்கு மேலே கணுக்கால்வரை பளபளவென்று வீங்கியிருந்தது.

"வாடா டாக்டரு" என்றார். குரலில் பெருமைதான் இருந்தது.

"நைனா, நான் சொன்னது தப்பு. கட்ட அவுத்துடு."

"ரெண்டு தபா வந்துச்சுன்னியே?"

"மில்லுல அரிசி போடாம அரைச்சிட்டேன். மசாலா கலந்துபோச்சு. அதுவும் இல்லாம, தட்டுல சாவற கிருமி கால்ல சாவணும்னு இல்ல நைனா. தட்டுக்கு ரத்தம் கெடையாது, சக்கரயும் கெடையாது. ரெண்டு தபா வந்தாலும் நான் உங்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் படித்துச் சொன்ன ஒன்று பொய்யாகிப்போனது அவருக்கு அதுதான் முதல் தடவை. பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"பத்தாங்கிளாஸ் ஃபெயிலான பையனக் கேட்டாக்கூட சொல்லுவான், மில்லுக்குப் போனா அரிசி எட்த்துக்கினு போவணும்னு. இவன் காலேஜுல இன்னாதான் படிக்கிறான்?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"சரி, டீக்கடையில நான் இன்னா சொல்றது? ஊரு பூரா சொல்லிவெச்சிருக்கேன்."

"நானே வந்து சொல்றேன் நைனா."

"நீ ஒண்ணும் வர வாணாம். லுங்கிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அன்றே கூட்டிப்போனோம். கட்டைப் பிரித்த நர்ஸம்மா பச்சை இலையைப் பார்த்ததும் வாய் நிறையத் திட்டினார். "எந்தப் புத்திசாலி இத வெக்கச் சொன்னது?" நைனா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஊர்ல சொன்னாங்க தாயி" என்று கூரையைப் பார்த்தார். நான்தான் என்று நானே சொன்னேன். அதற்கும் சேர்த்துத் திட்டு கிடைத்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விரல் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் அங்கேயே படுக்கவைத்து ஊசி போட்டார்கள். விரல் தப்பியது.

அந்த வாரத்தில்தான், மில்லில் விட்டுவந்த இலையை அரிசி ஓடவிட்டு அரைத்து வாங்கிவந்து, புதுப் பொடியின் சோதனையையும் முடித்தேன். மூன்று தட்டு வைத்தேன். மேடத்திடம் மசாலாக் கதையை மறைக்காமல் சொன்னபோது, அவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதையும் ரிப்போர்ட்ல எழுது. அடுத்து வர்றவன் மில்லுக்குப் போகாம மிக்ஸியக் கழுவி அரைப்பான்" என்றார்.

வீடு திரும்பிய நைனாவிடம் போனில் எடுத்திருந்த தட்டின் படத்தைக் காட்டினேன்.

"எங்கடா வட்டம்?"

பெரிதாக்கிக் காட்டினேன். குழியைச் சுற்றி நகக்கீற்று அளவுக்கு ஒரு தெளிவு, அவ்வளவுதான்.

"இத்தினூண்டா?"

"இத்தினூண்டுதான். ஆனா மூணு தட்டுலயும் இருக்கு."

"அப்போ கொஞ்சம் இன்னாமோ கீது அதுல."

"இருக்கலாம் நைனா. இன்னும் பாக்கணும்."

"பாரு, பாரு. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாத" என்றார். உள்ளங்கையில் இருந்த மாத்திரையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எவ்ளோ பெரிய வட்டம் வரும்?"

விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, அம்மாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.